டிக்கி மூடியில் மஞ்சள் கோடு

“கைய எடுய்யா. தொட்டா மார்க் போயிடும்னு தெரியாதா?”

நடுவர் ஒடெல் டிக்கிக்குள் தலையை விட்டபடியே கத்தினார்.

கார்லண்ட் கையை எடுத்தார். ஆனால் நகரவில்லை.

ஒஹையோ வெயில் பழைய கார் போட்டித் திடலின் புல்லைத் தீய்த்துக்கொண்டிருந்தது. வரிசையாக நின்ற கார்களில் ஆரஞ்சு நிறத்து 1970 மாடல்தான் கார்லண்டுடையது. அதைக் கிளப்பினால் பக்கத்து மேசையில் இருக்கும் எலுமிச்சைச் சாறு கோப்பைக்குள்ளேயே நடுங்கும்.

அதை முதலில் வாங்கியவர் என் அப்பா.

கார்லண்ட் அதை ஒரு களஞ்சியத்தில் வைக்கோலுக்கு அடியில் கண்டெடுத்தாராம். எங்கேயோ துருப்பிடித்துச் செத்திருக்கும் என்று இத்தனை வருடம் நம்பியிருந்தேன். அவர் தொலைபேசியில் கூப்பிட்டபோது பேசாமல் வைத்துவிட்டேன். மறுபடி கூப்பிட்டபோது வருகிறேன் என்றேன்.

கண்ணால் பார்த்துவிடலாம் என்றுதான்.

இந்தப் போட்டியில் காரை அழகாக்கக் கூடாது. தொழிற்சாலை வாசலைத் தாண்டிய அன்று எப்படி இருந்ததோ அப்படியே இருக்க வேண்டும். வழிந்து காய்ந்த பெயிண்ட் உட்பட. அதனால் கார்லண்ட் ஒவ்வொரு திருகையும் கழற்றுமுன் படம் எடுத்தார். பெயிண்ட் உரித்த பிறகு, பழைய குறிகளை எல்லாம் படத்தைப் பார்த்து அதே இடத்தில் திரும்பப் போட்டார்.

டிக்கி மூடியின் உட்பக்கம், இடது ஓரத்தில், மஞ்சள் மெழுகு வண்ணக்குச்சியால் இழுத்த கோடு ஒன்று. சாண் நீளம். நெளிந்து நெளிந்து போனது.

ஒடெல் அதில்தான் நின்றுவிட்டார்.

“இந்த மாதிரிக் கோடு நான் எந்த வண்டியிலயும் பாத்ததில்ல.”

“கண்ணாடிய மாத்துங்க பெரியவரே. தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் போட்டது.”

“இன்ஸ்பெக்டருக்குக் கை ஏன்யா இப்படி நடுங்குது?”

“திங்கட்கிழமை காலையில செஞ்ச வண்டி. ஞாயித்துக்கிழமை குடிச்சது இறங்கியிருக்காது.”

பக்கத்தில் யாரோ சிரித்தார்கள். ஒடெல் சிரிக்கவில்லை.

“போன வருஷம் கொண்டு வந்த வண்டியையும் வாயாலதான் ஓட்டின. வெள்ளியோட போன. இந்த வருஷமும் அதேதான் வேணுமா?”

கார்லண்டின் கழுத்து சிவந்தது. தங்கம் கிடைத்தால் கார் அருங்காட்சியகத்துக்குப் போகும். கூடவே முன் கண்ணாடியில் சாய்த்து வைத்திருக்கும் என் அப்பாவின் படமும் போகும். படத்துக்குக் கீழே கார்லண்ட் அழகான எழுத்தில் எழுதி வைத்திருந்தார்: ‘முதல் உரிமையாளர் வெர்னன். இந்தக் காரில் ஒரு கீறல் விழ விட்டதில்லை.’

உண்மைதான். காரில் விட்டதில்லை.

“இவங்கள கேளுங்க,” என்று கார்லண்ட் என் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினார். “வெர்னனோட பொண்ணு. சொல்லுங்க மேடம், அப்பா வாங்கினப்பவே இந்தக் கோடு இருந்துச்சுதானே? ஆமான்னு ஒரு வார்த்தை. அவ்வளவுதான்.”

ஒரு வார்த்தை. சொன்னால் அப்பா கண்ணாடிச் சுவருக்குள் போய் நல்ல மனிதராக நிற்பார். சனிக்கிழமைதோறும் குடும்பங்கள் வந்து பார்க்கும்.

“மூடியச் சாத்துங்க,” என்றேன்.

“எதுக்கு?”

“சாத்துங்க.”

அவர் சாத்தினார். சத்தமே இல்லை. என் நினைவில் அது அத்தனை மெதுவாகச் சாத்தப்பட்டதே கிடையாது.

குனிந்து இடது ஓரத்தை விரலால் தடவினேன்.

“ஒரு தலைமுடி நுழையாது,” என்றார் கார்லண்ட் பெருமையாக. “கீல் கோணலா இருந்துச்சு. நானே சரிபண்ணினேன்.”

சரிபண்ணுவது இங்கே குற்றம். ஒடெலின் பேனா உடனே தாளில் இறங்கியது.

“சும்மா சொன்னேன்யா! எழுதாதீங்க!” பிறகு என்னைப் பார்த்து, “நீங்க எனக்கு உதவ வந்தீங்களா, குழி பறிக்க வந்தீங்களா?” என்றார்.

“இங்க ஒரு இடுக்கு இருந்துச்சு,” என்றேன். “பகல்ல நூல் மாதிரி வெளிச்சம் வரும். கோடு அது கூடவே போகும். வெளிச்சம் எங்க நிக்குதோ அங்க கோடும் நிக்கும். கோட்ட சரியாத்தான் போட்டிருக்கீங்க. இடுக்கத்தான் அடைச்சிட்டீங்க.”

“கேட்டீங்களா!” கார்லண்ட் துள்ளினார். “கோடு அசல்! வெர்னன் பொண்ணே சொல்லிட்டாங்க. எழுதுங்க!”

ஒடெல் எழுதவில்லை. மூடியின் விளிம்பைப் பார்த்தார்.

“இந்த இடத்துல தகடு வெளிப்பக்கம் மடிஞ்சு மூடியிருக்கும்மா,” என்றார். “வெளியில நின்னு பாத்தா வெளிச்சம் தெரியாது. தெரியணும்னா மூடி சாத்தியிருக்கணும். பாக்கிற ஆளு உள்ள…”

அவர் நிறுத்திக்கொண்டார்.

நான் அவர் கண்ணைப் பார்த்தேன். திரும்பிக்கொள்ளவில்லை.

“அப்ப உனக்கு என்ன வயசும்மா?” என்றார் ஒடெல். இதுவரை அவர் யாரிடமும் பேசாத குரலில்.

“வயசுக்கும் மார்க்குக்கும் என்னய்யா சம்பந்தம்?” என்று கத்தினார் கார்லண்ட்.