மெலிந்த மீனுக்கு வைத்தியம்

“இனி எவன் முன்னாலயும் காபித் தட்டோட நிக்க மாட்டேன்” என்று ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டில் கத்திவிட்டு, மீன் வைத்தியத்துக்குக் கூப்பிட்டிருந்த ஏசம்மாளைப் பார்க்க ராஜபாளையத்துக்குப் பஸ் ஏறினாள் அக்சா.

“எம்புட்டுத் தின்னாலும் மெலியுதும்மா,” என்று கண்ணாடித் தொட்டியைக் காட்டினாள் ஏசம்மாள்.

“வயித்துல புழு இருக்கு. தீனியில மருந்து கலந்து அம்புட்டு மீனுக்கும் குடுக்கணும்.”

“சமைப்பியா?”

“தீனிய எதுக்குச் சமைக்கணும்? மருந்துல ஊற வச்சாப் போதும்.”

“பொறவு, கூடப்பொறந்தவிய எத்தனை பேரு?”

அக்சா முறைத்தாள். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டுக் கருத்தப்பாண்டி எட்டிப் பார்த்தார்.

“மருமகளப் பாத்து முடிச்சாச்சா அக்கா? எங்க மீன்தொட்டிய எடுத்துக்கிடவா?”

அக்சா தொட்டியின் ஒரு முனையைப் பிடித்தாள்.

“அந்தப் பக்கம் தூக்குங்கண்ணே. வைத்தியத்த உங்க வீட்டுல வச்சுக்கிடுவோம்.”