பல்லி சொன்ன படம்

சினிமா தியேட்டர் சுவரில் குடியிருந்த பல்லிக்கு அங்கே ஓடிய ஒரு சின்னப் படம் மனசை விட்டுப் போகவில்லை. ஆள் வராததால் நாளைக்கு அதைத் தூக்கப் போகிறார்கள். அதற்குள் சீட்டுக்கு அடியில் திரியும் எலியாவது ஒரு தடவை பார்க்கட்டும் என்று அதனிடம் கெஞ்சியது.

"சண்டை உண்டா அக்கா?"

"இல்லடா. மகன் வருவான்னு ஒருத்தி சோறாக்கி வச்சுக் காத்திருக்கா."

"கூட்டம்?"

"நாலு பேர்."

"நாலு பேர் வந்தா எனக்கு என்ன சிந்தும்? பெரிய படம்தான் அக்கா படம். சீட்டுக்கு அடியெல்லாம் பாப்கார்ன்."

இந்த ஜென்மத்திடம் என்னத்தைச் சொல்ல என்று பல்லி சலித்துப்போய், "த்சு, த்சு, த்சு" என்று உச்சுக்கொட்டியது.

எலி துள்ளிக்கொண்டு மற்ற எலிகளிடம் ஓடியது. "கேட்டீங்களா, பெரிய படம்தான் படம்னு பல்லியே சொல்லிடுச்சு."