காதில் சுகந்தி

இறந்த மனைவியின் குரலில் பேசும் கருவியை என் காதில் மாட்டிவிட்டது மாமியார்தான். மாதக்கணக்காகச் சுகந்தி பேசுகிறாள். எனக்குக் கண்ணீரே வரவில்லை. அவள் மேல் இருந்த அன்பு வற்றிவிட்டதோ என்று பயந்துபோயிருந்தேன்.

மோயாற்றங்கரைக் காட்டில் வழிகாட்டி மாதன் என்னை நிறுத்தினார். "யானை நிக்குதான்னு பாத்துட்டு வாரேனுங்க சார்." நான் தனியானேன். பழைய நீர்மருது மரங்களில், என் தலைக்கு மேலே, போன வெள்ளத்தின் சருகுகள் தொங்கின. சேற்றில் கால் வழுக்கியது.

"என்னங்க, பாத்து நடங்க," என்றாள் காதில் சுகந்தி.

சுகந்தி 'என்னங்க' என்பது பிறர் முன்னால் மட்டும்தான். தனியாக இருந்தால், "டேய் எருமை, கண்ணு எங்க?" என்பாள். அதை யாரும் பதிவு செய்யவில்லை. இந்தக் குரலை உருவாக்க மாமியார் கொடுத்ததெல்லாம் விசேஷ வீட்டு வீடியோக்கள்.

இது அவள் இல்லை. கருவியைக் கழற்றிப் பையில் போட்டேன். பிறகு ஒரு வேரில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

மாதன் ஓடிவந்தார். "ஏனுங்க சார், அடி கிடி பட்டுருச்சா?"

"இல்லீங்க," என்றேன். சிரிப்பும் வந்தது. "எருமைக்குக் கால் வழுக்கிருச்சு, அவ்வளவுதான்."