கோமாளி மீன்

மகளுக்குச் சடை பின்னிக்கொண்டிருந்தார் அப்பா. அவள் கண் மீன்தொட்டியில் இருந்தது.

“கோமாளி மீன்ல அம்மா மீன் போயிட்டா, அப்பா மீனே அம்மாவா மாறிடுமாமே?”

“ஆமாடா கண்ணு.”

“திரும்ப அப்பாவா மாறுமா?”

“ம்ஹூம். மாறினா மாறினதுதான்.”

“உங்களை மாதிரியாப்பா?”

அப்பா சுவரில் இருந்த மனைவியின் படத்தைப் பார்த்தார்.

அழைப்பு மணி அடித்தது. ஆறு மாதக் கப்பல் வேலை முடிந்து, பெட்டியோடு வாசலில் நின்றாள் அம்மா.

“அப்பாடா! இந்தா, சீப்பைப் பிடி” என்றார் அப்பா.

ஓடிப்போய் அம்மாவைக் கட்டிக்கொண்ட மகள், பாதிச் சடையோடு அப்பாவிடமே திரும்பி வந்து உட்கார்ந்தாள். “நீங்கதானே சொன்னீங்க, மாறினா மாறினதுதான்னு?”

“அப்படிப் போடு! அப்போ சமையலும் இனி அப்பாதான்” என்று காலை நீட்டி உட்கார்ந்தாள் அம்மா.