காய்ப்பு எடுக்கும் பெடிக்யூர்

"இதுல எதும்மா அடித்தோலைப் பூரா எடுக்கும்?" என்று கேட்டார் அந்த அம்மாள்.

நான் அப்போதுதான் மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொல்லி முடித்திருந்தேன்.

சாதா பெடிக்யூர் என்றால் நகம் வெட்டி, அழுக்கெடுத்து, கால் பளிச்சென்று ஆகிவிடும். ஸ்பா பெடிக்யூர் என்றால் உப்புப் போட்ட வெந்நீரில் ஊறவைத்து, கெண்டைக்கால் வரை பிடித்துவிடுவேன். ரத்த ஓட்டத்துக்கு நல்லது, அன்றைக்கு நன்றாகத் தூக்கம் வரும். மெழுகு பெடிக்யூர் பித்தவெடிப்புக்கு. இளஞ்சூடான மெழுகில் காலை முக்கி எடுத்தால் வறண்ட தோல் இளகி, வெடிப்பு கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொள்ளும்.

அவர் எதையும் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை.

"காய்ப்பு எடுக்குறது தனியா இருக்கும்மா. மருந்து தடவி ஊறவச்சு, ஃபைல் போட்டுத் தேய்க்கணும். நேரமாகும்."

"அதையே பண்ணு. இன்னைக்கே பண்ணிடு."

விலைகூடக் கேட்கவில்லை. நீடாமங்கலம் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில், உரக்கடை மாடியில் பார்லர் வைத்திருக்கிறேன். விலை கேட்காமல் உட்காரும் ஆள் எனக்குக் கிடைப்பதே அபூர்வம். வாயை மூடிக்கொண்டு டப்பில் தண்ணீர் பிடித்தேன்.

பெயர் அம்சவல்லி என்றார். நடவு வேலை செய்பவர். அதை அவர் சொல்லியிருக்கவே வேண்டாம். குறுவை நடவு அப்போதுதான் முடிந்திருந்தது, நகக்கண்ணில் இன்னும் சேறு இருந்தது. குதிகாலை விரலால் தட்டிப் பார்த்தேன். பலகையைத் தட்டுவதுபோல் சத்தம் வந்தது.

வெந்நீரில் பிழிந்த டவலை உள்ளங்காலில் வைத்து அழுத்தினேன். எனக்கே கை சுட்டது.

"சூடு தாங்குதாம்மா?"

"ஒண்ணுமே தெரியலையே."

சொல்லும்போதே முகம் வாடிவிட்டது. தாங்க முடிகிறது என்பதற்கு யாராவது வருத்தப்படுவார்களா? எனக்குப் புரியவில்லை.

கால் ஊறுகிற நேரத்தில் அவராகவே பேசினார். ஒரே பிள்ளை, வெற்றிசெல்வன். வெளிநாட்டில் லாரி ஓட்டப் போனவன். இவன் ஓட்டின வண்டியில் ஒரு ஆள் அடிபட்டுச் செத்துப்போனதில் அங்கேயே பிடித்து உள்ளே வைத்துவிட்டார்கள். மூன்று வருஷமாக ஜெயில். அடுத்த மாதம் தீர்ப்பு என்று போனில் சொன்னானாம். அதைச் சொல்லிவிட்டு டப்பில் இருந்த தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிள்ளை ஜெயிலில் கிடக்கிறான், அம்மா பெடிக்யூருக்கு வந்திருக்கிறார். எனக்கென்ன வந்தது, நான் தொழில் செய்கிறவள். ஆனாலும் நல்ல அம்மாதான் போ என்று மனசுக்குள் ஒரு வார்த்தை ஓடத்தான் செய்தது.

வலது காலை மடியில் வைத்துத் தேய்க்க ஆரம்பித்தேன். வெள்ளை வெள்ளையாகத் துருவல் மாதிரி கொட்டியது. கை ஓய்ந்துபோய் ஒரு கட்டத்தில் நிறுத்தினேன்.

"போதும்மா. இதுக்கு மேல போனா பச்சைத் தோலாயிடும். எரியும்."

"தேயி."

தேய்த்தேன். பாதம் முழுக்க இளஞ்சிவப்பாக வந்துவிட்டது. அவர் குனிந்து கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். திருப்தி வரவில்லை போலிருக்கிறது, அந்தச் சுடுதுண்டை மறுபடி வைக்கச் சொன்னார்.

வைத்ததும் வெடுக்கென்று காலை இழுத்துக்கொண்டார்.

அப்புறம் சிரித்தார். உள்ளே வந்ததிலிருந்து அப்போதுதான் அவர் சிரித்துப் பார்த்தேன்.

எனக்கும் சிரிப்பு வந்தது. "இந்தக் காலை வச்சுக்கிட்டு வரப்புல எப்படிம்மா நடப்பீங்க? இனிமே யாராச்சும் தூக்கிக்கிட்டுத்தான் போவணும்" என்று கிண்டல் செய்தேன்.

"வரப்புல நடக்க இல்லம்மா. வெள்ளிக்கிழமை எங்க ஊரு அம்மனுக்குத் தீமிதி."

என் கை நின்றுவிட்டது.

"அவன் உள்ள போனதுலேருந்து வருசா வருசம் எறங்குறேன். பூவுல நடக்குற மாதிரி போயிட்டு வந்துடுறேன். ஊரே சக்திங்குது. சக்தியாவது ஒண்ணாவது, சேத்துல நின்னு நின்னு காலு மரத்துக் கெடக்கு. சுடாம நடந்துட்டு வந்தா அது என்னம்மா வேண்டுதல்? எனக்கு வலிச்சாத்தானே அவ காதுல விழும்."

நாளைக்குக் காப்புக் கட்டுகிறார்களாம். கட்டிவிட்டால் நகம்கூட வெட்டக் கூடாதாம். அதனால்தான் இன்றைக்கே ஓடி வந்தாராம். இதையெல்லாம் பஸ் நேரத்தைச் சொல்வதுபோல் சொன்னார்.

அவராகவே இடது காலைத் தூக்கி என் மடியில் வைத்தார். நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

அந்த ஃபைலுக்கு இரண்டு பக்கம் உண்டு. ஒரு பக்கம் சொரசொரப்பு, அது தோலை எடுக்கும். இன்னொரு பக்கம் மழமழப்பு, கடைசியில் சும்மா மெருகேற்றுவதற்கு.

மழமழப்பான பக்கத்தைத் திருப்பிப் பிடித்தேன். இந்தக் காலுக்கு வித்தியாசம் தெரியாது. கொஞ்ச நேரம் இழுத்துவிட்டு முடிந்தது என்று சொல்லிவிடலாம். ஒரு காலாவது தப்பிக்கும்.

இரண்டு இழுப்பு இழுத்தேன். அவர் கண் திறக்கவில்லை. என்னை நம்பிக் காலைக் கொடுத்துவிட்டு, பிள்ளையின் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

சொரசொரப்பான பக்கத்துக்கே திருப்பிக்கொண்டேன்.