ஏழு மணிச் சண்டை

காலை ஏழு மணிக்குத் தையல்காரம்மாவின் குரல் கிளம்பிவிடும்.

அடுக்குமாடிக் குடியிருப்பின் தரைத்தளத்தில் அவருடைய கடை. மூன்றாம் மாடி லிஃப்ட் மெக்கானிக்கின் மோட்டார் சைக்கிள் அந்தக் கடையின் ஷட்டரை மறித்துக்கொண்டு நிற்கும். அவர் இறங்கி வந்து அதை நகர்த்தும்வரை குரல் ஓயாது. அதற்குப் பயந்து புறாக்கள் அடுத்த தெருவுக்குக் குடிபோய்விட்டன என்றும், எதிர்வீட்டுக்காரர் அலாரக் கடிகாரத்தைத் தூக்கிப் போட்டுவிட்டார் என்றும் பேச்சு. புறா விஷயம் மட்டும் உண்மை.

"ஏன்யா, ஊர்ல இருக்கிற லிஃப்டையெல்லாம் ஏத்தி இறக்குற. உன் வண்டியை நாலடி நகர்த்தத் தெரியாதா?"

மெக்கானிக் வருவார். கலைந்த தலை, கசங்கிய சட்டை, ஜோடி மாறிய செருப்பு.

"போன வருஷம் கொடுத்த பேன்ட் இன்னும் வரல. சீக்கிரம் கடையைத் திறந்து என்ன பண்ணப்போற?"

வெயிலில் நின்றபடி கால் மணி நேரம் இப்படிப் போகும். பிறகு வண்டியை நகர்த்திவிட்டு மேலே போய்விடுவார்.

குடியிருப்பில் யாருக்கும் இது பிடிக்கவில்லை. மெக்கானிக் நோயாளி. வயது நாற்பத்தொன்பது. மூன்று மாதமாக வேலைக்குப் போகவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். வீட்டில் யாரோடும் பேச்சில்லை, சோற்றில் நாட்டமில்லை. மனச்சோர்வு என்று சொல்லி டாக்டர் மாத்திரை கொடுத்திருந்தார். அவர் படுத்த வாரமே குடியிருப்பின் லிஃப்டும் படுத்துக்கொண்டது.

குடியிருப்போர் சங்கச் செயலாளருக்கு 'சுற்றறிக்கை' என்று பட்டப்பெயர். துணி காயப்போடுவதற்கு ஒரு சுற்றறிக்கை, காய்ந்ததை எடுப்பதற்கு ஒரு சுற்றறிக்கை. வார இதழின் மருத்துவப் பக்கத்தைப் படித்ததிலிருந்து, மன அழுத்த ஹார்மோனைத் தன் சொந்தச் சித்தப்பா பிள்ளை மாதிரி பேசிக்கொண்டிருந்தார். நடுவயதில் அது ஏறிக்கொண்டு இறங்க மறுத்தால் மனசு கீழே போய்விடும் என்பது அவர் படித்துக்கொண்டது.

"நாம எல்லாரும் பூனை மாதிரி நடக்கிறோம். இந்தம்மா தினம் ஒரு கரண்டி ஹார்மோனை அவர் வாயில ஊத்துது," என்றார்.

கடையைக் காலி செய்யச் சொல்லி மனு தயாரானது. பதினெட்டு வீட்டில் பதினேழு கையெழுத்து. எல்லார் இடுப்பளவும் அந்தம்மாவின் நோட்டில் இருந்ததால் சிலர் மட்டும் கொஞ்சம் தயங்கிப் போட்டார்கள்.

மனுவின் நகலோடு செயலாளர் கடைக்குப் போனார். தையல்காரம்மா நின்றபடியே படித்தார். வாயில் கவ்வியிருந்த ஊசியை எடுத்துத் துணியில் குத்திவைத்தார்.

"அண்ணே, ஷட்டரைக் கொஞ்சம் இறக்குங்க."

தினமும் கத்தச் சொல்லி மெக்கானிக்கின் மனைவிதான் வந்து கேட்டாராம். அந்த ஹார்மோன் காலையில் ஏறி, பொழுது சாயும்போது இறங்கிவிட வேண்டுமாம். இவருக்கோ ஏறினது ஏறினபடியே நிற்கிறதாம். மாத்திரையோடு, தினமும் ஒரே நேரத்தில் எழுப்பிக் காலை வெளிச்சத்தில் நிறுத்துங்கள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். மனைவி கெஞ்சிப் பார்த்தார், மகள் அழுது பார்த்தாள், அண்ணன் வந்து அதட்டிப் பார்த்தார். மெக்கானிக் போர்வையை இன்னும் கொஞ்சம் இழுத்துக்கொண்டார். ஒருநாள் நிஜமாகவே வண்டி குறுக்கே நின்றது. தையல்காரம்மா நிஜமாகவே கத்தினார். மெக்கானிக் எழுந்து வந்து மல்லுக்கு நின்றுவிட்டு, அன்றைக்கு மேலே போய் நாலு வாய் சாப்பிட்டாராம்.

"மறுநாள்லேருந்து வண்டியை நான்தான் தள்ளிட்டு வந்து குறுக்க நிறுத்துறேன். சாவி அவங்க கொடுத்தது. எனக்கு மட்டும் தொண்டை வலிக்காதாண்ணே? சுடுதண்ணி குடிச்சிட்டுத்தான் மிஷின்ல உட்காருறேன். கடையை எடுக்கணும்னா எடுத்துக்குங்க. அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. தெரிஞ்சா இறங்கி வரமாட்டார்."

செயலாளர் ஷட்டரை மறுபடி தூக்கிவிட்டார். மனுவை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, மூச்சு வாங்க மூன்று மாடி ஏறினார். மெக்கானிக்கின் மனைவியைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தார்.

கதவைத் திறந்தது மெக்கானிக். பதினேழு வீட்டுக்குத் தெரிந்த மனு பதினெட்டாவது வீட்டுக்கு எட்டாமலா இருக்கும்? மனைவி சமையலறையில் பாத்திரம் கழுவும் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டு உறுதி செய்துகொண்டு, செயலாளரைப் பால்கனிக்கு இழுத்துப்போனார். குரலைத் தாழ்த்தினார்.

"அந்த மனுவைக் கிழிச்சுப் போடுங்க சார். அந்தம்மாவுக்கு உடம்பு சரியில்ல. ஏதோ ஹார்மோன் ஏறிடுச்சாம். தினம் கத்தித் தீர்த்தாத்தான் இறங்குமாம். என் வீட்டுக்காரிதான் ரகசியமா சொன்னா. இங்க நின்னு ஆறரைக்கே பார்க்கிறேன், தானே வண்டியைத் தள்ளிட்டு வந்து குறுக்க நிறுத்திட்டு, தானே கத்துது."

"ஆறரைக்கே எழுந்துடுறீங்களா?" என்றார் செயலாளர்.

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றுபோயிருந்தது.

"எனக்கு எழுந்திருக்கவே பிடிக்கல சார். ஆனா நான் இறங்கி வரலைன்னா அந்தம்மா பாவம், யார்கிட்டப் போய்க் கத்தும்?"