வளையல் பாடம்

குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் போவதற்காக பஷீரா ஏஜென்சி கொடுத்த போன் செயலியோடு தினமும் அரபி பேசிப் பழகினாள். போன்தான் எஜமானி, அவள் வேலைக்காரி. கூடவே உட்கார்ந்து கேட்டதில் மகள் நஸ்ரினுக்கும் பாதி அரபி வந்துவிட்டது.

அன்றைய பாடம், காணாமல்போன வளையல்.

"நான் எடுக்கவில்லை" என்று பஷீரா பிசிறில்லாமல் சொன்னாள். அந்தப் பாழாய்ப்போன போன் உச்சரிப்புக்கு முழு மார்க் போட்டுவிட்டு ஃபெயிலாக்கியது. மறுபடி சொன்னாள், மறுபடியும் ஃபெயில். கடைசியில், "நான்தான் எடுத்தேன், மன்னியுங்கள்" என்றாள். பாஸாகிவிட்டாள். அதைப் பார்த்து ஏஜென்சி விசாவையும் உறுதிசெய்தது.

மறுநாள் நஸ்ரின் பள்ளியிலிருந்து கன்னம் வீங்கி வந்தாள்.

"டீச்சர் பேனாவ நான் எடுக்கல உம்மா."

"அத அவங்ககிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா ஃபெயிலாக்கிருவாங்கள்ல. நான்தான் எடுத்தேன்னு சொல்லிட்டேன்."